புள்ளி வைக்காத விரிப்பு

சின்னவள்: ...இல்ல அண்ணி, "சோப்பு வேணும்"னு ஆரம்பிச்சா கடைக்காரர்கிட்ட கேக்கிற மாதிரி இருக்கு. "எங்கள் தெருவின் சார்பாக"ன்னு ஆரம்பிங்க.

அண்ணி: அந்த வார்த்தை என் வாயில நிக்காதுடி. காலையில இருந்து சொல்லிப் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் "சார்பாக"கிட்ட வந்து நாக்கு வழுக்குது.

சின்னவள்: தினம் இருநூறு உருப்படி எண்ணிச் சொல்ற நாக்கு. இதுக்கு மட்டும் வழுக்குதாக்கும்.

அண்ணி: துணி எதிர்த்துக் கேள்வி கேக்காது. உள்ள வரி விலக்கு கொடுக்கிற அதிகாரி உக்காந்திருக்கார். நீயே பேசிடேன். உன் அண்ணன் என்னைக் கட்டிக்கிட்டு வந்தப்போ சலவைக் கடையைப் பார்த்துக்கச் சொன்னாரே தவிர, சபையில பேசச் சொல்லல.

வாத்தியார்: யாரு பேசினாலும் சரி, நான் எழுதின மனுவை ஒரு எழுத்து மாறாம வாசிங்க. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்துல பிழை திருத்தின கை இது.

சின்னவள்: சார், கோவிச்சுக்காதீங்க. மனுவுல "நுரை"ங்கிற வார்த்தை ஒன்பது தடவை வருது.

வாத்தியார்: துணி சோப்பைப் பத்தி எழுதினா நுரை வராம வேற என்ன வரும்? ஏழாம் வகுப்புலயும் நீ இப்படித்தான். பாடத்தை விட்டுட்டு எண்ணிக்கிட்டு இருப்ப.

அண்ணி: நல்லாத்தான் எழுதியிருக்கீங்க சார். படிக்கிறப்போ எனக்கே கை வழவழன்னு ஆயிடுச்சு.

ஒலிபெருக்கி: இருபத்தேழாம் எண். மின்விளக்கு. பட்டியலில் சேர்க்கப்பட்டது.

சின்னவள்: அண்ணி, கைதட்டுங்க. அதோ, கையில பல்பு வச்சிருக்காரே, அவர்தான் கேட்டவர். அழுறாரா சிரிக்கிறாரா பாருங்க.

அண்ணி: ரெண்டும்தான். நம்ம எண் என்ன?

சின்னவள்: முப்பத்திநாலு. பத்தாவது தடவை கேக்கிறீங்க.

அண்ணி: பயம்தான்டி. இன்னொரு தடவை சொல்லு. எதைக் கேட்டா கொடுப்பாங்க, எதைக் கேட்டா சிரிப்பாங்க?

சின்னவள்: இது இல்லாம வீடு நடக்காதுங்கிற எந்தச் சாமானையும் கேக்கலாம். ஒரு தெருவுக்கு ஒரு டோக்கன். ஒரு டோக்கனுக்கு ஒரே ஒரு பொருள். அவங்க ஒத்துக்கிட்டா, அடுத்த மாசத்துல இருந்து அதுக்கு விற்பனை வரி கிடையாது. நம்ம தெருவுக்கு மட்டும் இல்ல, நாடு பூராவும். யோசிச்சுப் பாருங்க. நாம பார்க்கவே போகாத ஊர்ல, மழை பெய்ஞ்சிட்டிருக்கும். பேரே தெரியாத ஒருத்தி குடையை மடக்கிக்கிட்டுக் கடைக்குள்ள வருவா. "என்னங்க, விலை குறைஞ்சிருக்கே"ம்பா. யாரால குறைஞ்சதுன்னு அவளுக்குத் தெரியவே தெரியாது.

அண்ணி: ஆரம்பிச்சுட்டா. கதைப் புத்தகம் படிச்சுக்கிட்டே இஸ்திரி போட்டு ஒரு சட்டையைக் கருக்கினவதானே நீ.

சின்னவள்: காலர் மட்டும்தான்.

ஒலிபெருக்கி: இருபத்தெட்டாம் எண். வாசனை மெழுகுவத்தி. ஏற்கப்படவில்லை.

அண்ணி: பாவம். எல்லாரும் சிரிக்கிறாங்க பாரு. அந்தம்மா முகம் சுருங்கிப் போச்சு.

வாத்தியார்: உங்க வீட்டுக்காரர் இருந்திருந்தா இந்தப் பயமே இல்லம்மா. ஏணி மேல நின்னுக்கிட்டே ஊருக்கே நியாயம் பேசுவாரே. கப்பலுக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலைன்னு போனவர், இப்போ எந்தப் பக்கம் இருக்காராம்?

அண்ணி: தெற்கால... போயிட்டிருக்காராம்.

சின்னவள்: வடக்கால, அண்ணி.

அண்ணி: வடக்கே போயிட்டுத்தான்டி தெற்கே திரும்புவாங்க.

வாத்தியார்: எட்டு மாசம் ஆச்சே. ஒரு நடை வந்துட்டுப் போகக்கூடாதா?

அண்ணி: லீவு கொடுக்கணும்ல சார். உங்க வீட்டம்மா எப்படி இருக்காங்க? வாசல் பக்கமே காணோம்.

வாத்தியார்: அவளுக்கென்ன, நல்லாத்தான் இருக்கா. முட்டி வலி. படியிறங்கினா ஏற முடியல, அவ்வளவுதான்.

அண்ணி: ஏய், மணி என்ன ஆச்சு?

சின்னவள்: பதினொண்ணே முக்கால்.

அண்ணி: பன்னிரண்டரைக்குத் திருப்பிப் போடணும். தள்ளிப் போச்சுன்னா சேதம்.

வாத்தியார்: ஊறப்போட்ட துணியா? கூட ஒரு மணி நேரம் ஊறினா என்ன குடிமுழுகிப் போகுது?

சின்னவள்: இது அந்த மாதிரித் துணி இல்ல சார்.

ஒலிபெருக்கி: அனைவரும் கவனிக்கவும். துணி துவைக்கும் சோப்பும் சோப்புத்தூளும் ஏற்கெனவே பட்டியலில் சேர்க்கப்பட்டுவிட்டன. அதே பொருளுக்காக வந்திருப்பவர்கள் தங்கள் முறை வருவதற்குள் வேறு ஒரு பொருளை முடிவு செய்துகொள்ளவும்.

சின்னவள்: அண்ணி... அண்ணி, கேட்டீங்களா? சோப்பு கிடைச்சிடுச்சு.

அண்ணி: நாம இன்னும் வாயே திறக்கலையேடி.

சின்னவள்: யாரோ நமக்கு முன்னாடி திறந்துட்டாங்க.

வாத்தியார்: அப்போ என் மனு?

அண்ணி: அதுக்கு வேலையில்லாமலே வேலை முடிஞ்சிடுச்சு சார். சந்தோஷம்தானே?

வாத்தியார்: சந்தோஷம்தான். நாலு பக்கம்மா. நாப்பத்தாறு கையெழுத்து. மழையில வீடு வீடா ஏறி வாங்கினேன்.

சின்னவள்: ஒன்பது நுரை வேற.

வாத்தியார்: நீ சும்மா இரு. இப்போ டோக்கன் கையில இருக்கு, பொருள் இல்ல. நல்ல கூத்து. இருங்க, வெளிய போய்த் தெருவுக்கு போன் பண்ணிக் கேட்டுட்டு வர்றேன். அதுக்குள்ள எதையும் முடிவு பண்ணிடாதீங்க.

அண்ணி: சீக்கிரம் வாங்க சார். இன்னும் அஞ்சாறு பேர்தான்.

சின்னவள்: அண்ணி.

அண்ணி: வேணாம்.

சின்னவள்: நான் இன்னும் ஒண்ணுமே சொல்லல.

அண்ணி: உன் மூஞ்சி சொல்லிடுச்சு.

சின்னவள்: பெரியவங்க டயப்பர்.

அண்ணி: மெதுவாப் பேசுடி. முன்னாடி நிக்கிறவர் திரும்பிப் பார்க்கிறார்.

சின்னவள்: பார்க்கட்டும். குழந்தைக்குன்னா வரி இல்ல. அதையே கொஞ்சம் பெருசாத் தைச்சா, ரூபாய்க்கு இருபது காசு வரி. ரசீதுல எதுகூடச் சேர்த்துப் போட்டிருக்காங்க தெரியுமா? சென்ட்டு, உதட்டுச்சாயம். அலங்காரச் சாமானாம்.

அண்ணி: ஆமா, படுத்த படுக்கையாக் கிடக்கிறவங்க அதைக் கட்டிக்கிட்டுக் கண்ணாடி முன்னாடி நிக்கப் போறாங்க.

சின்னவள்: இதைத்தான் உள்ள போய்ச் சொல்லணும். இதே வார்த்தை. "சார்பாக"கூட வேணாம்.

அண்ணி: சொல்லிட்டா? யாருக்காகக் கேக்கிறீங்கன்னு திருப்பிக் கேட்டா?

சின்னவள்: நம்ம தெருவுலயே எத்தனை வீடு. மூணு புள்ளி வீடு...

அண்ணி: வாரம் அஞ்சு விரிப்பு.

சின்னவள்: பாருங்க, கேக்காமலே வருது. குறுக்குக்கோடு வீடு. ரெட்டைக்கோடு வீடு. வட்டத்துக்குள்ள புள்ளி...

அண்ணி: போதும். மூலையில மையால புள்ளி வைக்கிறது ஒரு வீட்டுத் துணி இன்னொரு வீட்டுக்குப் போயிடக் கூடாதுன்னு. யார் வீட்டு விரிப்பு எப்படி இருக்குன்னு வரிசையில நின்னு பேச இல்ல.

சின்னவள்: பேர் சொன்னேனா? புள்ளிதானே சொன்னேன். மூணு புள்ளி வீட்ல என்ன சொல்லிக் கொடுப்பாங்க? "டீ கொட்டிடுச்சு." வாரத்துக்கு அஞ்சு தடவை டீ கொட்டுது. நீங்களும் முகம் மாறாம "டீக்கறை போறது கஷ்டம்தான்"னு சொல்லி வாங்கி வச்சுக்கிறீங்க.

அண்ணி: அப்படித்தான் வாங்கணும். அவங்களுக்கு அந்த ஒரு பொய்தான் கடை வரைக்கும் நடக்கத் தெம்பு கொடுக்குது.

சின்னவள்: அப்புறம்... புள்ளியே வைக்காத வீடு.

அண்ணி: அதை எடுக்காதே.

சின்னவள்: ஒரு நாளைக்கு மூணு டயப்பர் வேணும் அங்க. கையில இருக்கிற காசுக்கு மாசம் அஞ்சு பாக்கெட்தான் வாங்க முடியுது. இருபத்தஞ்சு நாள் ஓடும். கடைசி அஞ்சு நாள் பழைய துணியை மடிச்சு வைக்கிறது. முதுகுல இருக்கிற புண்ணு அந்த அஞ்சு நாள்ல வந்ததுன்னு உங்களுக்குத் தெரியும்.

அண்ணி: தெரியும்.

சின்னவள்: வரி மட்டும் இல்லேன்னா, அதே காசுக்கு ஆறு பாக்கெட். சரியா ஆறு. மாசக் கடைசி வரைக்கும் வரும் அண்ணி. நான் மூணு தடவை போட்டுப் பார்த்துட்டேன்.

அண்ணி: நானும் போட்டுப் பார்த்தேன்.

சின்னவள்: எப்போ?

அண்ணி: நேத்து. நீ தூங்கினப்புறம். ஆனா ஒண்ணு யோசிச்சியா? விலை குறைஞ்சா எல்லாரும் அதையே வாங்குவாங்க. அப்புறம் விரிப்பு எங்கடி வரும்? நம்ம கடையில பாதி அந்த விரிப்புங்கதான். நம்ம சோத்துல நாமளே மண் அள்ளிப் போட்டுக்கிறதா?

சின்னவள்: திரைச்சீலை துவைப்போம். சாப்பாட்டுக் கடையில மேசைத்துணி கேட்டு வாங்குவோம். குழம்புக்கறைன்னா நிஜமாவே குழம்புக்கறையா இருக்கும். எவ்வளவு நல்லா இருக்கும்.

அண்ணி: சிரிக்க வைக்காதடி... வாக்கு கொடுத்திருக்கேன். அந்த வீட்டு ஆளு என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொல்லுச்சு, தெருவுல ஒருத்தருக்கும் தெரியக்கூடாதுன்னு.

சின்னவள்: என் கையையும்தான் பிடிச்சுச்சு. நானும்தான் தலையாட்டினேன். ஆனா புண்ணைத் துடைக்கிறப்போ பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சுவரைப் பார்க்குதே, அந்தச் சுவருக்கு மட்டும் தெரிஞ்சாப் போதுமா?

அண்ணி: ...சார் வர்றார். வாயை மூடு.

வாத்தியார்: இந்தாங்க, ரெண்டு டீ. பிடிங்க, சூடு. தெருவுல ஒரே களேபரம். ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. தையல்காரர் நூல்கண்டுங்கிறார். பேக்கரிக்காரர் தீப்பெட்டிங்கிறார். தெருக்கோடி வீட்டம்மா பூனைத் தீனி கேக்கச் சொல்றாங்க. அது எப்படிம்மா அத்தியாவசியம்னேன். "பூனையைக் கேட்டுப் பாருங்க"ன்னு போனைப் பூனைகிட்ட கொடுத்துட்டாங்க.

சின்னவள்: பூனை என்ன சொல்லுச்சு?

வாத்தியார்: அது ஒண்ணுதான் மரியாதையாப் பேசுச்சு.

அண்ணி: உங்களுக்கு டீ சார்?

வாத்தியார்: நான் டீ தொடுறதே இல்லம்மா. வயித்துக்கு ஆகாது. அவளுக்கும் டாக்டர் கூடாதுன்னுட்டார். எங்க வீட்ல டீத்தூள் வாங்கியே ரெண்டு வருஷம் ஆச்சு.

சின்னவள்: ரெண்டு வருஷமாவா சார்?

வாத்தியார்: என்ன ரெண்டு பேரும் இப்படிப் பார்க்கிறீங்க?

அண்ணி: ஒண்ணுமில்ல சார். நல்ல பழக்கம்னு...

வாத்தியார்: அதாவது... எப்பவாவது குடிப்பேன். யாராவது வந்தா. கை நடுக்கம் வேற, கொட்டிடும். டீன்னா கொஞ்சமாவா கொட்டுது.

அண்ணி: கொட்டத்தான் செய்யும். நானும் எத்தனை தடவை கொட்டியிருக்கேன்.

ஒலிபெருக்கி: முப்பத்தொன்றாம் எண். சமையல் எண்ணெய். பட்டியலில் சேர்க்கப்பட்டது.

சின்னவள்: எண்ணெய் போயிடுச்சு... கிடைச்சிடுச்சு. யப்பா, இந்தக் கூடமே அதிருது. அண்ணி, இன்னும் ரெண்டே பேர்.

வாத்தியார்: நான் சொல்றேன் கேளுங்க. பென்சில். எல்லா வீட்லயும் பிள்ளைங்க இருக்கு. யாரும் முகம் சுளிக்க மாட்டாங்க. பென்சில்னு கேட்டுட்டுக் கௌரவமா வீட்டுக்குப் போவோம்.

சின்னவள்: சார், பெரியவங்க டயப்பர் கேட்டா?

வாத்தியார்: ...எது?

சின்னவள்: காதுல விழுந்துச்சு உங்களுக்கு.

வாத்தியார்: அது... நம்ம தெருவுல அது யாருக்கு வேணும்?

சின்னவள்: யாருக்குமே வேணாமா சார்?

வாத்தியார்: எனக்கென்ன தெரியும்? அதைக் கேட்டுட்டுப் போனா, தெருவே ஒருத்தர் வீட்டை ஒருத்தர் எட்டிப் பார்க்கும். "இவங்க வீட்லயா, அவங்க வீட்லயா"ன்னு. வேணாம்மா. பென்சில் நல்ல பொருள்.

அண்ணி: சரி சார். உங்க இஷ்டம்.

வாத்தியார்: பென்சில்தான்.

அண்ணி: சரிங்க.

வாத்தியார்: ...சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கிறேன். வரி எடுத்துட்டா அது எவ்வளவு குறையும்?

சின்னவள்: அஞ்சு பாக்கெட் வாங்குற காசுக்கு ஆறு சார்.

வாத்தியார்: ஆறா?

சின்னவள்: ஆறு.

வாத்தியார்: ஆறாவது பாக்கெட்... ஹூம். சும்மாதான் கேட்டேன்.

ஒலிபெருக்கி: முப்பத்திநான்காம் எண். உள்ளே வரவும்.

அண்ணி: ஐயோ, நம்ம எண்தான்டி. வா, வா.

சின்னவள்: டீ கிளாஸைக் கீழ வைங்க அண்ணி. அதோடயே உள்ள போறீங்க.

அதிகாரி: வாங்க, உக்காருங்க. ரெண்டு நிமிஷம். மனுவுல சோப்புன்னு இருக்கு.

அண்ணி: சோப்பு இல்லங்க. அதான் கிடைச்சிடுச்சே.

அதிகாரி: சரி. அப்போ என்ன பொருள்?

வாத்தியார்: பென்...

அண்ணி: பெரியவங்களுக்கான டயப்பருங்க.

அதிகாரி: என்ன சொன்னீங்க?

அண்ணி: டயப்பருங்க. படுத்த படுக்கையா இருக்கிறவங்களுக்கு. அதை அலங்காரச் சாமானோட சேர்த்து வச்சிருக்கீங்க. அதைக் கட்டிக்கிட்டு யாரும் கண்ணாடி முன்னாடி நிக்கிறதில்லங்க. அவங்க எழுந்து நிக்கிறதே இல்ல.

அதிகாரி: காலையில இருந்து முப்பத்துமூணு தெரு வந்துட்டுப் போயிடுச்சு. இதை ஒருத்தரும் கேக்கல.

சின்னவள்: தேவை இல்லாம இல்லங்க. சொல்ல வாய் வரல.

அதிகாரி: நீங்க கேக்கிறது நியாயம்தான். ஆனா இதுக்கு எழுத்து மனு கிடையாது. மனு இல்லாம வாயால சொல்ற பொருளுக்கு ஒரு விதி இருக்கு. தன் வீட்லயே அந்தப் பொருளோட தேவை இருக்கிற ரெண்டு பேர், ரெண்டு வெவ்வேறு வீட்டுக்காரங்க, இங்க என் முன்னாடி கையெழுத்துப் போடணும். பக்கத்து வீட்ல பார்த்தேன், கேள்விப்பட்டேன்னா செல்லாது.

சின்னவள்: நாங்க சலவைக்காரங்க. எங்களுக்குத் தெரிஞ்சே பதினோரு வீடு இருக்குங்க.

அதிகாரி: பேர் சொல்லுங்க.

சின்னவள்: பேர் முடியாதுங்க. புள்ளி வேணும்னா சொல்றேன்.

அதிகாரி: புள்ளியை நான் எப்படிம்மா பதிவேட்டுல எழுதறது?

வாத்தியார்: ஐயா, பென்சில்னு எழுதிக்குங்க. எதுக்கு வம்பு? எல்லாரும் வீட்டுக்குப் போகணும்.

அதிகாரி: இன்னும் முக்கால் நிமிஷம் இருக்கு. டயப்பரா, பென்சிலா?

அண்ணி: அந்தப் பேனாவைக் கொடுங்க.

சின்னவள்: அண்ணி... வாக்கு...

அண்ணி: நான் பேசிக்கிறேன் அவர்கிட்ட. கோவிச்சுக்கட்டும். கோவிச்சுக்கிட்டாவது என் பக்கம் திரும்பட்டும்.

வாத்தியார்: என்னம்மா பண்றே? நீ எந்த வீட்டுக்காகப் போடுறே?

அண்ணி: எல்லார் வீட்டு விரிப்புக்கும் மூலையில புள்ளி வைப்போம் சார். எங்க வீட்டு விரிப்புக்கு மட்டும் வைக்கிறதில்ல. என் வீட்டுக்காரர் எந்தக் கப்பல்லயும் இல்ல. எட்டு மாசம் முன்னாடி பெயிண்ட் அடிக்கிறப்போ சாரம் சரிஞ்சு விழுந்தார். இடுப்புக்குக் கீழே ஒண்ணும் தெரியாது. ஆஸ்பத்திரியில இருந்து துணி வண்டியில வச்சுக் கொண்டு வந்தோம், கடைக்குப் பின்னாடி அறையில படுத்திருக்கார். எங்க வாசல்ல எப்பவும் விரிப்பு காயும், அதனால யாருக்கும் சந்தேகம் வரல. தெருவுல பாதிச் சுவர் அவர் பெயிண்ட் அடிச்சது, அந்தத் தெரு தன்னை இப்படிப் பார்க்கக் கூடாதுன்னார். பன்னிரண்டரைக்குத் திருப்பணும்னு சொன்னேனே, அது துணி இல்ல சார்... இதோ, என் கையெழுத்துப் போட்டாச்சு. கீழே இன்னொரு கோடு காலியா இருக்கு. எந்த வீடுன்னு நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல, இனிமேலும் சொல்ல மாட்டேன். டீக்கறை போறது கஷ்டம்தான், எனக்குத் தெரியும்... இந்தாங்க சார், பேனா. ஒரே ஒரு கையெழுத்து... போடுறீங்களா?